முதலிடத்தில் இருந்த எம்.பி.ஏ.: ஃபாக்ஸ் வணிகப் பள்ளியும் அதன் டீனும் குறித்து ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரிலுள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஃபாக்ஸ் வணிகப் பள்ளி, 2009-இல் இணையவழி எம்.பி.ஏ. படிப்பைத் தொடங்கியது. யு.எஸ். நியூஸ் அண்டு வேர்ல்டு ரிப்போர்ட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் தரவரிசையில் 2015 முதல் 2018 வரை நான்கு ஆண்டுகள் அப்படிப்பு தொடர்ந்து முதலிடம் பெற்றது. அந்த முதலிடம் கிடைத்த காலத்தில் பள்ளியை ஆண்ட டீன் மோஷே போராட்டுக்கு, 2022 மார்ச் மாதம் கூட்டாட்சி நீதிமன்றம் 14 மாதச் சிறைத் தண்டனையும் 2,50,000 டாலர் அபராதமும் விதித்தது. ஒரு கல்விச் சேவையின் உட்புறம் வாடிக்கையாளருக்கு இவ்வளவு வெளிச்சமாகத் தெரியவருவது அரிது. பல்கலைக்கழகமே அமர்த்திய சட்ட நிறுவனத்தின் விசாரணை முடிவு, குற்றப்பத்திரிகை, மேல்முறையீட்டுத் தீர்ப்பு எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன. நான் அங்கே படித்தவன் அல்லன். இந்த மதிப்புரை அந்தப் பொது ஆவணங்களை வைத்தே எழுதப்படுகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் இணையவழிப் பட்டத்துக்குப் பணம் கட்ட எண்ணும் தமிழ் வாசகர்களை மனத்தில் கொண்டு எழுதுகிறேன்.

முதலில் விற்கப்பட்ட பொருளைப் பார்த்துவிடலாம். அது போலிப் பட்டம் அன்று. டெம்பிள் 1884-இல் தோன்றிய, மாநில அரசின் நிதியுதவி பெறும் பெரிய பல்கலைக்கழகம். அதன் வணிகப் பள்ளி 1918 முதல் இயங்கி வருகிறது. இணையவழிப் படிப்பில் சேர்ந்தவர்களை முதலில் ஒரு வாரம் ஃபிலடெல்ஃபியாவுக்கு வரவழைத்து நேரில் வகுப்பு நடத்தினார்கள். அதன் பிறகு, ஒரு நேரத்தில் ஒரு பாடம் என்ற முறையில், பதிவு செய்த விரிவுரைகளும் மாலை நேர நேரலை வகுப்புகளுமாகப் படிப்பு நடந்தது. பகலில் வேலை பார்த்துக்கொண்டு ஒரே சமயத்தில் நான்கு பாடங்களைச் சுமக்க முடியாதவர்களுக்கு இது நல்ல அமைப்பு. பாடம் நடக்கவில்லை, ஆசிரியர்கள் வரவில்லை என்பதல்ல அங்கு எழுந்த புகார். பின்னாளில் வழக்குத் தொடுத்த மாணவர்களின் மனக்குறையும் அதுவன்று. கற்பித்தலைப் பொறுத்தவரை, நடுத்தரத்துக்கு மேலான பல்கலைக்கழகம் ஒன்று தரக்கூடிய ஒழுங்கான சேவை என்று அதைச் சொல்லலாம்.

சேவையின் மற்றொரு பாதி டீனின் அலுவலகத்தில் உருவானது. அமெரிக்க வணிகப் பள்ளியில் டீன் என்பவர் பாடத்திட்டத்தை மேற்பார்வை செய்யும் மூத்த பேராசிரியர் மட்டும் அல்லர். நன்கொடை திரட்டுவது, கட்டடம் எழுப்புவது, பேராசிரியர்களை அமர்த்துவது, எந்தப் படிப்புக்கு எவ்வளவு கட்டணம் என்பதைத் தீர்மானிப்பதில் பங்கெடுப்பது, பள்ளியின் பெயரைச் சந்தையில் நிலைநிறுத்துவது எல்லாமே அவர் பொறுப்பு. பல்கலைக்கழகத்தின் மற்றத் துறைகளைவிட வணிகப் பள்ளி மிகுதியாக வருவாய் ஈட்டும் என்பதால், தலைமை அலுவலகம் அவர் போக்கில் குறுக்கிடுவதும் குறைவு. போராட் 1996-இல் அந்தப் பதவிக்கு வந்தவர். 2018 வரை, அதாவது 22 ஆண்டுகள், அதில் இருந்தார். அந்தக் காலத்தில் பள்ளி வளர்ந்தது என்பதை அவருடைய எதிரிகளும் மறுக்க மாட்டார்கள். வளர்ச்சியை அவர் எதைக் கொண்டு அளந்தார் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அவர் கையிலெடுத்த அளவுகோல் தரவரிசை. யு.எஸ். நியூஸ் பட்டியல் எப்படித் தயாராகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கினால்தான் அங்கு நடந்தது புரியும். அந்த நிறுவனம் பள்ளிகளுக்கு ஒரு வினாப்பட்டியலை அனுப்பும். பள்ளிகள் தங்களைப் பற்றித் தாங்களே எண்களை நிரப்பித் திருப்பி அனுப்பும். சேர்ந்த மாணவர்களில் எத்தனை பேர் மேலாண்மைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட் எழுதியவர்கள், அவர்களின் சராசரி மதிப்பெண் என்ன, சராசரி வேலை அனுபவம் எவ்வளவு, படித்து முடிப்பவர்களின் கடன் எவ்வளவு என்பன போன்ற கேள்விகள் அதில் இருக்கும். எண்கள் வந்த பின், பட்டியல் தயாரிப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை வைத்துக் கூட்டுவார்கள். பள்ளிக்கு நேரில் போய்ப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பவர் யாரும் இல்லை. இந்தக் கணக்கில் அப்போது ஒரு நுணுக்கம் இருந்தது. சேர்ந்தவர்களில் 75 விழுக்காட்டினருக்கும் குறைவானவர்களே ஜிமேட் மதிப்பெண் கொடுத்திருந்தால், அந்தப் பள்ளியின் சராசரி மதிப்பெண்ணுக்கு முழு மதிப்பு கிடைக்காது. குறைத்தே கணக்கில் கொள்வார்கள். காரணம் நியாயமானது. நன்றாக எழுதிய பத்துப் பேரின் மதிப்பெண்ணை மட்டும் காட்டி, நூறு பேர் கொண்ட வகுப்பே அப்படிப்பட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

வேலையில் இருப்பவர்கள் சேரும் இணையவழிப் படிப்பில் பெரும்பாலோர் ஜிமேட் எழுதுவதில்லை. பள்ளியே விலக்கு அளிக்கும். அதில் தவறும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் தொழிற்சாலையை நடத்திவிட்டு வருபவரிடம் மீண்டும் விகிதக் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்வதில் என்ன பயன்? ஆனால் விலக்கு அளித்தால் அதை ஒத்துக்கொள்ள வேண்டும். 2018-ஆம் ஆண்டுத் தரவரிசைக்காக ஃபாக்ஸ் பள்ளி அனுப்பிய படிவத்தில், புதிதாகச் சேர்ந்த 255 பேரும் ஜிமேட் மதிப்பெண் கொடுத்ததாக எழுதப்பட்டிருந்தது. உண்மையில் கொடுத்தவர்கள் 50 பேர். 100 விழுக்காட்டுக்கும் 20 விழுக்காட்டுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தட்டச்சுப் பிழை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. அதுவும் ஓராண்டோடு நின்ற விவகாரம் அன்று. பல ஆண்டுகள் நடந்தது, ஒரு படிப்போடும் நிற்கவில்லை. நிர்வாகிகளுக்கான எம்.பி.ஏ., உலகளாவிய எம்.பி.ஏ., பகுதிநேர எம்.பி.ஏ., மனிதவள மேலாண்மை, எண்மச் சந்தைப்படுத்தல் எனப் பிற முதுநிலைப் படிப்புகளின் எண்களிலும் கோளாறு இருந்ததை விசாரணை பின்னர் வெளிக்கொணர்ந்தது. பகுதிநேர எம்.பி.ஏ. 2014-இல் 53-ஆம் இடத்தில் இருந்தது. அடுத்த ஆண்டே 20, பிறகு 16, 2017-இல் 7. ஒரே ஆண்டில் 33 இடம் முன்னேறும் பள்ளியைப் பார்த்தால் பாராட்டுக்கு முன் ஐயம் வந்திருக்க வேண்டும். வகுப்பறை அவ்வளவு விரைவாக மாறுவதில்லை.

இதையெல்லாம் டீன் தனியாகச் செய்யவில்லை. புள்ளியியல் பேராசிரியர் ஒருவர் தரவரிசையின் கணக்குமுறையைப் பின்னோக்கி ஆராய்ந்து, எந்த எண்ணை எவ்வளவு உயர்த்தினால் எத்தனை இடம் ஏறலாம் என்று கண்டறிந்து கொடுத்தார். படிவத்தை நிரப்பி அனுப்பியவர் ஒரு நிர்வாகப் பணியாளர். இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். போராட் ஒப்புக்கொள்ளாமல் நடுவர் குழு விசாரணையை எதிர்கொண்டு, 2021 நவம்பரில் சதி, கம்பிவழி மோசடி (தொலைபேசி, இணையம் போன்ற தொடர்பு வழிகளைப் பயன்படுத்திச் செய்யும் மோசடி) ஆகிய இரண்டு குற்றங்களிலும் குற்றவாளி என்று முடிவாயிற்று.

இந்தக் கதையில் என் கவனத்தை மிகவும் ஈர்ப்பது 255-உம் 50-உம் அல்ல. தரவரிசைக்கு அனுப்பும் எண்கள் சரிதானா என்று பார்ப்பதற்கென்றே அந்தப் பள்ளியில் நெடுங்காலமாக ஒரு குழு இருந்தது. 2013-இல் டீன் அந்தக் குழுவைக் கலைத்துவிட்டார். அதே ஆண்டு வாக்கில்தான், அனுப்பும் எண்களை யாரும் தணிக்கை செய்வதில்லை என்பதும் பள்ளிக்குள் தெரிந்த விஷயமாயிற்று. குழுவைக் கலைப்பது சட்டப்படி குற்றமாக இருந்திருக்காது. ஒரு டீன் நாள்தோறும் எடுக்கும் நூறு நிர்வாக முடிவுகளில் ஒன்றாக அது கோப்பில் போய் அமர்ந்திருக்கும். நேரமும் ஆள்வலுவும் மிச்சம் என்று காரணம் எழுதியிருக்கவும் கூடும். ஆனால் தலைமையின் தரத்தை மதிப்பிட எனக்கு ஒரே ஒரு செய்தி போதும் என்றால் நான் அதைத்தான் எடுப்பேன். மோசடி நடக்க இரண்டு வேண்டும்: எண்ணை மாற்றும் ஒரு கை, மாற்றியதைக் கேட்கக்கூடிய ஒருவர் இல்லாத அறை. இரண்டாவதைத் தலைவர் தவிர வேறு யாராலும் உண்டாக்க முடியாது. குழு கலைந்த பிறகு, எண் தவறு என்று அறிந்த ஊழியர் ஒருவர் அதைச் சொல்ல வேண்டுமானால், அந்த எண்ணால் புகழ் பெறுபவரிடமே போய்ச் சொல்ல வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது.

சொன்னவர்கள் இருந்தார்கள் என்பதுதான் வேதனை. 2018 ஜனவரியில், நான்காவது முறையாக முதலிடம் அறிவிக்கப்பட்டபோது, 255 என்ற எண்ணைக் கண்ட பள்ளிக்காரர்களே திடுக்கிட்டு டீனிடம் எடுத்துச் சொன்னார்கள். அதற்குப் பிறகும் ஷாம்பெயின் கோப்பைகளோடு கொண்டாட்டம் நடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த பின் பந்தி பரிமாறியதற்கு ஒப்பான காரியம். பிறகு பள்ளி யு.எஸ். நியூஸ் நிறுவனத்துக்குத் தவற்றைத் தெரிவிக்க, அந்த மாதமே படிப்பு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பல்கலைக்கழகம் ஜோன்ஸ் டே என்ற சட்ட நிறுவனத்தை விசாரிக்க அமர்த்தியது. ஜூலையில் முடிவு வெளியானது. பதவி விலகச் சொன்னபோது போராட் மறுத்ததால், பல்கலைக்கழகமே அவரை டீன் பொறுப்பிலிருந்து நீக்கியது. அப்போதும் நிரந்தரப் பேராசிரியர் பதவியில் அவர் தொடர்ந்தார். பின்னர் தம் பெயருக்குக் களங்கம் ஏற்படுத்தியதாகப் பல்கலைக்கழகத்தின் மீது அவரே வழக்கும் தொடுத்தார்.

இனி, ஒரு மதிப்புரையாளனுக்கு உண்மையிலேயே கடினமான கேள்விக்கு வருகிறேன். மேல்முறையீட்டில் போராட் தரப்பு முன்வைத்த வாதங்களுள் ஒன்று இது: மாணவர்கள் பணம் கொடுத்தார்கள், அதற்கு ஈடாகக் கல்வியைப் பெற்றார்கள், பட்டமும் பெற்றார்கள், அவர்கள் இழந்தது தரவரிசையை மட்டுமே, தரவரிசை யாருடைய சொத்தும் அன்று. கேட்பதற்கு வழக்கறிஞர் சாமர்த்தியம் போலத் தோன்றினாலும், இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பாடம் நடந்தது உண்மை என்று நானே மேலே எழுதியிருக்கிறேன். அப்படியானால் ஏமாற்றப்பட்டது எது?

2023 ஆகஸ்டில் மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. மாணவர்களிடமிருந்தும் நன்கொடையாளர்களிடமிருந்தும் பணத்தைப் பெறுவதற்காகவே பொய் சொல்லப்பட்டது என்று கண்டு தண்டனையை உறுதி செய்தது. சட்டத்தின் பார்வை அது. வாங்குபவரின் பார்வையிலும் முடிவு அதுவே என்று நான் நினைக்கிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. எம்.பி.ஏ. படிப்பை வாங்குபவர், கணக்கியலும் சந்தைப்படுத்தலும் கற்கும் வாய்ப்பை மட்டும் வாங்குவதில்லை. அவற்றைப் புத்தகத்திலிருந்தும் இலவசக் காணொளிகளிலிருந்தும் கற்கலாம். அவர் கூடுதலாக வாங்குபவை இரண்டு. ஒன்று, உடன் படிப்பவர்கள். அவர்கள் யார், எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பது. மற்றொன்று, அந்தப் பட்டத்தைப் பார்க்கும் வேலை கொடுப்பவரின் மனத்தில் எழும் நம்பிக்கை. ஜிமேட் எண் பொய்யானது என்றால், முதலாவதைப் பற்றி அவருக்குச் சொல்லப்பட்டது பொய். பொய் வெளிப்பட்ட நாளில் இரண்டாவதும் போய்விடுகிறது. பட்டியலில் முதலிடம் என்று தன் தகுதிக் குறிப்பில் எழுதிக்கொண்ட பட்டதாரி, 2018-க்குப் பிறகு நேர்காணலில் அந்த வரியைப் பார்த்துப் புன்னகைக்கும் மனிதவள அலுவலரின் எதிரில் உட்கார வேண்டியிருந்திருக்கும். அவர் எந்தப் படிவத்தையும் நிரப்பவில்லை. கட்டணம் கட்டினார், இரவில் படித்தார், தேர்வு எழுதினார். வணிகப் பள்ளித் தலைமையின் தவறு மற்றத் தொழில்களின் தவற்றிலிருந்து வேறுபடும் இடம் இது. பழுதான பொருளை வாங்கியவர் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம். பட்டத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அது வாழ்நாள் முழுவதும் பெயரோடு ஒட்டியிருக்கும்.

பொய்யான தரவரிசை பணமாக மாறிய வழியும் மறைவானது அன்று. முதலிடம் கிடைத்த ஆண்டுகளில் இணையவழி, பகுதிநேரப் படிப்புகளில் சேர்க்கை வேகமாகக் கூடியது. ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர் கூடுதல் கட்டணம் வந்ததாக அரசு வழக்கறிஞர்கள் குறிப்பிட்டார்கள். இணையவழிப் படிப்பில் வகுப்பறைக்கு நாற்காலி வரம்பு கிடையாது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். வளாகத்தில் நடக்கும் படிப்பு முதலிடம் பெற்றால் விண்ணப்பம் கூடும், இடம் கூடாது; எனவே தேர்வு கடுமையாகும், மாணவர் தரம் உயரும், பட்டியலின் பொய் ஓரளவு தானாகவே மெய்யாகிவிடவும் கூடும். இணையவழியில் விண்ணப்பம் கூடினால் சேர்க்கையும் கூடும். அதனால் இங்கு தரவரிசைப் பொய்யின் ஆதாயமும் பெரிது, அதனால் பாதிக்கப்படுவோர் எண்ணிக்கையும் பெரிது.

குறை வெளிப்பட்ட பின் வாடிக்கையாளரை எப்படி நடத்தினார்கள் என்பதையும் சேவை மதிப்புரையில் சொல்ல வேண்டும். இதில் பல்கலைக்கழகத்துக்கு ஓரளவு நல்ல மதிப்பெண் தருவேன். மாணவர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கில் ஏறத்தாழ 55 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். அதில் 40 லட்சம் இணையவழி எம்.பி.ஏ. மாணவர்களுக்கு. 2020 டிசம்பரில் அமெரிக்கக் கல்வித் துறையோடு 7 லட்சம் டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. இவற்றைவிட முக்கியமாக, வெளியே அனுப்பும் எண்களைச் சரிபார்க்கும் தனிப் பிரிவு ஒன்றைப் பல்கலைக்கழகத்தின் உள்தணிக்கைத் துறையில் ஏற்படுத்தினார்கள். 2013-இல் கலைக்கப்பட்டது ஐந்தாண்டுகள் கழித்து, டீனின் கைக்கு எட்டாத இடத்தில், மீண்டும் அமைக்கப்பட்டது என்று கொள்ளலாம். ஆனால் 22 ஆண்டுகள் ஒருவர் பொறுப்பில் இருக்க, பல்கலைக்கழகத் தலைமை ஐந்தாறு ஆண்டுகளாக ஏன் எதையும் கேட்கவில்லை என்பதற்கு இந்த ஏற்பாடு விடை ஆகாது. வருவாய் தரும் துறையைத் தொந்தரவு செய்யாதே என்ற பழக்கம் ஃபிலடெல்ஃபியாவுக்கு மட்டும் உரியதும் அன்று.

நீண்ட காலம் பதவியில் இருந்ததே குற்றம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கெல்லாக் பள்ளியில் டொனால்டு ஜேக்கப்ஸ் 1975 முதல் 2001 வரை, போராட்டைவிடவும் நீண்ட காலம், டீனாக இருந்தார். பிசினஸ் வீக் இதழ் 1988-இல் முதன்முதலாகத் தரவரிசை வெளியிட்டபோது கெல்லாக் முதலிடத்தில் வந்தது, பலரும் வியந்தார்கள். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் விண்ணப்பிப்பவர்கள் எல்லாரையும் நேர்காணல் செய்யும் வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார், குழுவாகப் படிக்கும் முறையை வளர்த்திருந்தார், வேலையிலுள்ள நிர்வாகிகள் வந்து தங்கிப் படிக்கத் தனி மையம் கட்டியிருந்தார். பட்டியல் வந்தபோது அளக்கப்படுவதற்கு அங்கே ஏதோ இருந்தது. புதுக்கோட்டைப் பகுதியிலிருந்து சென்று, பின்னாளில் சென்னையில் கிரேட் லேக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பாலா பாலச்சந்திரன் அந்தக் காலத்துக் கெல்லாக்கில் பேராசிரியராக இருந்தவர் என்பதால், தமிழ் வாசகர்கள் சிலருக்கு அந்தப் பள்ளியின் பெயர் ஏற்கெனவே பழக்கமாக இருக்கும்.

இன்னும் நெருக்கமான ஒப்பீடு வேண்டுமானால், நியூ ஆர்லியன்ஸ் நகரின் டுலேன் பல்கலைக்கழகத்து ஃப்ரீமன் வணிகப் பள்ளியைப் பார்க்கலாம். அங்கேயும் யு.எஸ். நியூஸ் நிறுவனத்துக்கு அனுப்பிய ஜிமேட் சராசரி பல ஆண்டுகள், சராசரியாக 35 புள்ளி, கூட்டிச் சொல்லப்பட்டிருந்தது. விண்ணப்ப எண்ணிக்கையும் அப்படியே. 2011-இல் அயரா சாலமன் புதிய டீனாக வந்தார். அவர் காலத்து எண்கள் முந்தைய ஆண்டுகளைவிடத் திடீரென்று குறைந்து தெரிந்தன. புதிதாக வந்தவருக்கு அது எவ்வளவு அவமானமான தோற்றம் என்று எண்ணிப் பாருங்கள்: இவர் வந்தார், மதிப்பெண் விழுந்தது. பழைய எண்களின் வழியிலேயே புதியவற்றையும் கொஞ்சம் ஏற்றிவிட்டால் யாருக்கும் தெரிந்திராது. பள்ளி அதைச் செய்யாமல், ஏன் இந்த வேறுபாடு என்று தேடிப் பார்த்து, வெளியாட்களைக் கொண்டு விசாரித்து, தானே போய்த் தரவரிசைக்காரர்களிடம் சொன்னது. பட்டியலிலிருந்து டுலேனும் நீக்கப்பட்டது. அதாவது, உண்மை சொன்னதற்கு உடனடியாகக் கிடைத்தது தண்டனைதான். ஆனால் அங்கே யாரும் சிறைக்குப் போகவில்லை, பட்டதாரிகள் இழப்பீடு கேட்டு நீதிமன்றத்தில் நிற்கும் அளவுக்கு விஷயம் முற்றவும் இல்லை.

ஹார்வர்டு வணிகப் பள்ளியின் டீனாக இருந்த நிதின் நோரியா 2014-இல் செய்ததையும் இதே வரிசையில் வைப்பேன். சான் ஃபிரான்சிஸ்கோவில் முன்னாள் மாணவர்கள் கூடியிருந்த அவையில், தம் பள்ளி பெண்களை நடத்திய விதத்துக்கு அவர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். வகுப்பில் விவாதிக்கும் நேர்வுகளில் (நிறுவனங்களின் அனுபவங்களைப் பாடமாக எழுதியவை) பெண்கள் முதன்மைப் பாத்திரமாக வருபவை 9 விழுக்காடுதான் என்று சொல்லி, ஐந்தாண்டுகளில் அதை 20 விழுக்காடாக உயர்த்துவோம் என்றார். 20 என்பது பெருமை கொள்ளத்தக்க இலக்கு அன்று என்று அப்போதே விமர்சனம் வந்தது, நியாயமான விமர்சனம்தான். இருந்தாலும், யாரும் கேட்காத, எந்தப் பட்டியலும் அளக்காத, தமக்குச் சாதகமில்லாத ஓர் எண்ணைத் தாமாகவே மேடையில் சொன்ன டீன் அவர். தலைமைப் பண்பு பற்றி வணிகப் பள்ளிகள் நடத்தும் வகுப்புகளின் கட்டணத்தை நினைத்தால், அந்த ஒரு செயல் அவற்றுள் பலவற்றைவிட மலிவாகவும் தெளிவாகவும் பாடம் நடத்தியது.

தரவரிசையே வேண்டாம் என்று ஒதுங்கலாமா என்ற கேள்வி வரும். ஹார்வர்டும், ஃபிலடெல்ஃபியாவிலேயே உள்ள புகழ்பெற்ற வணிகப் பள்ளியான வார்ட்டனும் 2004-இல் பிசினஸ் வீக் தரவரிசைக்கு ஒத்துழைக்க மறுத்துப் பார்த்தன. பெயர் பெற்றவர்களுக்கு அது எளிது. பட்டியலில் இல்லாவிட்டாலும் அவர்களை எல்லாருக்கும் தெரியும். டெம்பிள் போன்ற பள்ளிக்குப் பட்டியல்தான் கதவு. இந்த அழுத்தம் உண்மையானது என்பதை மறுப்பதற்கில்லை, அதைப் போராட்டுக்குச் சாதகமாக எழுதுவதற்கும் இல்லை. அதே நகரில் வார்ட்டனின் நிழலில் ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியை வளர்ப்பது கடினம் என்று தெரிந்துதானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்?

இந்தியாவில் படிக்க எண்ணுபவர்களுக்கும் இது தொலைவான கதை அன்று. 2016 முதல் மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையிலும் மேலாண்மைக் கல்வி நிறுவனங்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அதிலும் பல எண்கள் நிறுவனங்கள் தாமே தரும் எண்கள்தாம். நெடுஞ்சாலையோர விளம்பரப் பலகைகளில் காணும் வேலைவாய்ப்பு விழுக்காடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எழுபது பேர் வேலை தேடாதவர்கள் என்று ஒதுக்கிவிட்டு, மீதி முப்பது பேரில் முப்பது பேருக்கும் வேலை என்றால், நூறு விழுக்காடு என்பது கணக்குப்படி பொய்யாகாது. வாங்குபவர் பார்க்க வேண்டியது வகுத்தலில் கீழே உள்ள எண்ணை.

மதிப்பீட்டுக்கு வருகிறேன். ஃபாக்ஸ் பள்ளியின் இணையவழி எம்.பி.ஏ., 2015-க்கும் 2018-க்கும் இடையே இருந்த வடிவில், பாட அமைப்புக்காக மட்டும் பரிந்துரைக்கத் தக்கதாக இருந்தது. அதை முதலிடத்துப் பொருள் என்ற விலைமதிப்பில் வாங்கியவர்கள் ஏமாற்றப்பட்டார்கள். தலைமைக்கு நான் தரும் மதிப்பெண் சுழியம். வளர்ச்சிக்காகவோ கட்டடங்களுக்காகவோ அதில் ஒன்றையும் கூட்டப் போவதில்லை. ஏனென்றால் சரிபார்க்கும் குழுவைக் கலைத்த முடிவு அந்த வளர்ச்சியின் கணக்கையே நம்ப முடியாததாக்கிவிட்டது. பொய் வெளிவந்த பிறகு பல்கலைக்கழகம் நடந்துகொண்ட விதத்துக்குப் பத்துக்கு ஆறு.

இப்போது அந்தப் பள்ளியிலோ வேறு எந்தப் பள்ளியிலோ சேர எண்ணுபவர், சேர்க்கை அலுவலரிடம் தரவரிசை பற்றிக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்; அதற்கான விடை அவருக்கு மனப்பாடம். கடந்த ஆண்டு சேர்ந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர், அவர்களில் நுழைவுத் தேர்வு எழுதாமல் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், வெளியே அனுப்பும் எண்களை டீன் அலுவலகத்துக்குக் கட்டுப்படாத எவர் கையொப்பமிட்டுச் சரிபார்க்கிறார் என்று மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். முதல் இரண்டுக்கு எண்ணும் மூன்றாவதற்கு ஒரு பதவியின் பெயரும் எழுத்து வடிவில் வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம்.